முகாமுக்குள் நுழைந்த சர்வகலாசாலை

திருவண்ணாமலையில் அந்நிய தேசத்தாரைக் கண்டு வியப்பவர் எவருமில்லை. ரமண மகரிஷியின் காலத்திலேயே பால் பிரண்டன் போன்றோர் கடல் கடந்து வந்து, மலையடிவாரத்தில் தங்கி, தாம் கண்டதைத் தம் மொழியில் எழுதி, அருணாசலத்தின் பெயரை ஐரோப்பா வரை கொண்டு சென்றார்கள். அந்த வழியைப் பின்பற்றி இன்றும் பல நாட்டவர் வந்து செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மாதக்கணக்கில் ஜாகை எடுத்துத் தங்குவதும், காலையில் மலையை வலம்வந்து மாலையில் மடிக்கணினியைத் திறந்து தங்கள் ஊர் வேலையையோ படிப்பையோ தொடர்வதும் இவ்வூரின் அன்றாடக் காட்சிகள். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அதே கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்புறம், ஆதி அருணாசலேசுவரர் ஆலயம் விளங்கும் அடி அண்ணாமலையில் வேறொரு வகை அந்நியரும் வாழ்கின்றனர்.

இவர்கள் பேசுவது தமிழ், வணங்குவது அருணாசலேசுவரரை, இவர்களுடைய பிள்ளைகள் படிப்பது நம் அரசுப் பள்ளிகளில், நம் பாடநூல்களை. எனினும் சட்டத்தின் ஏட்டில் இவர்கள் வெளிநாட்டவர். விசாவோடு வருகிற ஜெர்மானியருக்குத் தாம் என்றைக்கு வந்தோம், என்றைக்குத் திரும்புவோம் என்பது தெரியும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து, இலங்கையை வரைபடத்தில் மட்டுமே பார்த்து, பன்னிரண்டாம் வகுப்பை இங்கேயே தேறி நிற்கிற இளைஞனுக்கு, தான் காணாத நாட்டிலிருந்து எப்படி வந்தவனானேன் என்பதே விளங்குவதில்லை. அந்த இளைஞன் இப்போது முகாம் வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் பட்டப்படிப்புப் படிக்கலாம் என்னும் காலம் வந்திருக்கிறது. இந்த வரவு அவனுக்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈழத்துத் தமிழரின் கதையை எங்கே தொட்டாலும் அது கல்வியில் வந்து முடியும். 1857ஆம் ஆண்டு சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தார்: ஒருவர் பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் மரபு 1864இல் சிதம்பரத்துக்கும் வந்தது. அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தவர்கள் கற்கவும் கற்பிக்கவும் வந்த காலம் அது. அவர்களை யாரும் பதிவேட்டில் கையெழுத்திடச் சொன்னதில்லை.

வீட்டிலிருந்தபடி தூரதேசத்துப் பட்டம் பெறுவதும் அந்த மக்களுக்குப் புதிதன்று. லண்டன் சர்வகலாசாலை 1858 முதலே தன் வளாகத்துக்கு வராத மாணவர்களுக்கும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கலாயிற்று. 1921இல் கொழும்பில் ஏற்பட்ட யூனிவர்சிட்டி கல்லூரி மாணவர்களைத் தயார்செய்ததே அந்த லண்டன் தேர்வுகளுக்குத்தான். கப்பல் தபாலில் வந்த பாடக்குறிப்பைப் படித்து, கொழும்பில் தேர்வெழுதி, லண்டன் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் யாழ்ப்பாணக் குடும்பங்களில் உண்டு. ஆகவே இணையவழிக் கல்வி என்றதும் நாம் ஏதோ நூதன அதிசயம் கண்டதுபோல் பேசுவது சற்று மிகை. தபால் போய் மின்னலை வந்திருக்கிறது. பாடம் வரும் வேகம் மாறியதேயன்றி, வளாகத்துக்கு வெளியே நின்று படிப்பவனின் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

அத்தகைய மக்கள் அகதியானதற்கும் கல்வியே ஒரு காரணமாயிற்று என்பதுதான் இதில் துயரமான பகுதி. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு சர்வகலாசாலைப் பிரவேசத்தில் தரப்படுத்தல் என்னும் முறையைக் கொண்டுவந்தது. பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்கள மாணவனுக்கு 227 மதிப்பெண் போதுமென்றும், தமிழ் மாணவனுக்கு 250 வேண்டுமென்றும் வகுத்த அந்த ஏற்பாடு, ஒரு தலைமுறை இளைஞரின் மனத்தில் உண்டாக்கிய ரணம் பின்னர் எந்தச் சமரசப் பேச்சாலும் ஆறவில்லை. அந்தக் கொள்கைக்குப் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றுதல் என்ற நியாயம் கற்பிக்கப்பட்டதும் உண்டு; வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த ஏழைத் தமிழ் மாணவர் சிலர் பிற்பாடு வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் பயனடைந்ததும் உண்டு. இனத்தைக் கொண்டு மதிப்பெண்ணை நிறுத்தது அதனால் நியாயமாகிவிடாது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது, அந்த மாதம் 24ஆம் நாள் முதல் இராமேசுவரக் கரையில் படகுகள் ஒதுங்கத் தொடங்கின.

அன்று தொடங்கிய வருகை அலையலையாக நிகழ்ந்தது. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான பின் பலர் திரும்பினர். போர் மறுபடி மூண்டதும் மறுபடி வந்தனர். 1996இலும் 2006இலும் இன்னும் இரண்டு அலைகள். 2012 வரை இந்தியாவுக்கு வந்தோர் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறையின் கணக்கு. மண்டபம் முகாமில் இறங்கிப் பதிவு செய்துகொண்டு, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்தனுப்பப்பட்ட குடும்பங்களில் சில கடலையே காணாத திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அளித்த விவரப்படி, 29 மாவட்டங்களில் இருந்த 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வாழ்ந்தனர். முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு, ‘வெளிப்பதிவு’ என்று வழங்கும் நிலையில் வாழ்ந்தோர் 34,087 பேர். இவர்களில் கணிசமானோர், பிரிட்டிஷார் காலத்தில் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் சந்ததியார் என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். பாட்டனார் இங்கிருந்து போனார். பேரன் இங்கே திரும்பி வந்து அந்நியனானான்.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராயிருந்தபோது, வந்த பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடலாகாது என்று மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட கல்லூரிகளில் இவர்களுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டதும், ஒரு கூட்டத்தின் பாதகத்துக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் ஈடு செலுத்தின, தனியிடங்கள் அற்றுப்போயின, பள்ளிச் சேர்க்கைக்கே இடையூறு நேர்ந்தது. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் குமாரர் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற ஸ்தாபனங்கள் முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியும், கல்லூரி முதல்வர்களிடம் நேரில் சென்று மன்றாடியும், அந்தக் கடின காலத்தில் படிப்பின் தொடர்ச்சி அறுந்துபோகாமல் காத்தன. முகாமில் பிறந்த பிள்ளைகள் பட்டதாரிகளாயினர், ஆசிரியர் பயிற்சி பெற்றனர், பொறியியலும் முடித்தனர்.

முடித்தபின் என்ன செய்தனர் என்று கேட்பீர்களாயின், பெரும்பாலோர் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். இது அலங்காரத்துக்காகச் சொல்லப்படுவதன்று. தமிழகத்து முகாம்களில் ஆண்களின் பிரதான ஜீவனம் இன்றும் வர்ணம் பூசும் வேலையே. அதற்குக் காரணம் எளிது: அந்த வேலைக்கு எந்தச் சான்றிதழும் கேட்கப்படுவதில்லை, அன்றன்று கூலி வரும், ‘செக்கிங்’ என்று முகாமில் சொல்லப்படும் ஆள் கணக்கெடுப்பு நாளில் வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாம். வருவாய்த்துறை அலுவலரும் கியூ பிரிவுக் காவலரும் முன்னிருக்க, குடும்பத்தினர் வரிசையில் வந்து தம் இருப்பைக் காட்ட வேண்டிய அந்த நாளில் ஆளைக் காணோமென்றால் பணக்கொடை நிற்கும். தொடர்ந்து காணோமென்றால் பதிவே கேள்விக்குள்ளாகும். தூரத்து ஊர்க் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் அந்நாளுக்காகப் பேருந்தேறி வரவேண்டும், அல்லது முன்கூட்டி அனுமதிக் கடிதம் பெற்றிருக்க வேண்டும். கல்லூரிப் படிப்பென்பது பிறருக்குப் பணச் செலவு. முகாம் பிள்ளைக்கு அது அனுமதிச் செலவும் ஆயிற்று.

இணையவழிப் படிப்பு இங்கேதான் தன் முதல் உபகாரத்தைச் செய்கிறது. முகாமை விட்டு வெளியேறாமலே படிக்கலாம் என்பது நகரத்து மாணவனுக்கு வெறும் சௌகரியம்; கணக்கெடுப்புக்கும் கல்லூரிக்கும் இடையே அலைந்தவனுக்கோ அது விடுதலைக்குச் சமானம். பகலில் ஏணியில் ஏறி நின்று சுவருக்கு வர்ணம் பூசிவிட்டு, இரவில் பதிவு செய்யப்பட்ட பாடத்தைத் தன் நேரத்துக்குக் கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இளவயதில் மணமாகி, குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை ஆண் எழுத்தாளர் விளக்கத் தேவையில்லை.

நம் தேசத்தில் இந்த வழி படிப்படியாகத் திறந்தது. தபால்வழிக் கல்வியை டில்லி சர்வகலாசாலை 1962இல் தொடங்கிற்று. மதுரை 1971இலும் சென்னை 1981இலும் அதைப் பின்பற்றின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003 முதல் என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் தம் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம்பிடித்து யாவரும் காண இலவசமாக வைத்தன. 2017 ஜூலையில் இணையப் பாடங்களுக்கான ‘ஸ்வயம்’ தளம் வந்தது. 2020 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகள், முற்றிலும் இணையத்திலேயே படித்துப் பெறும் பட்டத்தையும் கல்லூரிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் முறையை வகுத்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியதை இவை எல்லாவற்றிலும் துணிவான செயல் என்பேன். நுழைவுத் தேர்வின் நெருக்கடியில் லட்சக்கணக்கானோரை வடிகட்டியே பழகிய ஒரு ஸ்தாபனம், ‘பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய எவரும் வரலாம். நான்கு வாரம் நாங்களே பாடம் நடத்துகிறோம். அந்தப் பாடத்திலேயே தேர்வு வைக்கிறோம். தேறினால் சேருங்கள்’ என்று கதவைத் திறந்தது. வயது வரம்பு இல்லை. நடுவில் நின்றாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. வாழ்க்கை எந்த நேரத்திலும் இடம் மாறக்கூடிய ஒருவனுக்கு இப்படிப் பாதியில் இறங்கினாலும் கைப்பொருள் மிஞ்சும் ஏற்பாடு மிக அவசியமானது.

இவ்வளவும் உண்மை. ஆயினும் அடி அண்ணாமலை முகாமின் தெருவில் நின்று பார்த்தால் இந்த ராஜபாட்டையில் எத்தனை சுங்கச்சாவடிகள் என்பதும் தெரியும்.

முதலாவது, இடம். பத்தடிக்குப் பத்தடி என்னும் பழைய முகாம் வீட்டில் ஐந்து பேர் வாழ்ந்தபோது, இரவு எட்டு மணிக்கு ஒருவன் கேட்கும் விரிவுரையை மற்ற நால்வரும் கேட்டே ஆகவேண்டும். அல்லது அவர்கள் பேச்சையெல்லாம் அவன் கேட்டே ஆகவேண்டும். 2021இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 புது வீடுகள் கட்டுவது பெரும்பகுதி. வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் தொடங்கிய அப்பணி முகாம் முகாமாக நடந்து வருகிறது. தனியறையும் கதவும் உள்ள வீடு வந்தால் படிப்பும் வரும் என்பது என் துணிபு. கல்வித் திட்டங்களை ஆராய்கிறவர்கள் சாதாரணமாகக் கணினியை எண்ணுகிறார்கள், கதவை எண்ணுவதில்லை.

அடுத்தது பணம். அதே அறிவிப்பின்படி உயர்த்தப்பட்ட மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. என்.பி.டி.இ.எல். பாடத்தைக் கேட்பது இலவசம். ஆனால் அதைக் கேட்டதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் ஒரு பாடத்துக்குத் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஒரு மனிதரின் ஒரு மாத ஜீவிதப் படி ஒரு பாடத்தின் தேர்வுக்குச் சரியாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டத்துக்கு முழுமையாகச் சில லட்சம் ஆகும். ஏழைகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் பெருமளவு சலுகை உண்டு. சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். வகுப்புச் சான்றிதழோ பிரஜைகளுக்கு உரியது. வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் இந்த வாதம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

மொழியையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இணையத்துப் பேராசிரியரின் ஆங்கிலம் முதல் மூன்று மாதம் இரைச்சலாகவே கேட்கும். என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்குத் தமிழில் எழுத்துரை வந்திருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்வழியிலேயே பட்டம் தருகிறது. இவ்விரண்டையும் முகாம்களில் அறிந்தோர் குறைவு. அறிவிப்பதைத் தம் கடமையாகக் கருதும் அதிகாரிகள் அதனினும் குறைவு.

இனி வருவது எல்லாவற்றிலும் கடுமையானது. இணையவழிச் சேர்க்கைக்கு 2024 முதல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண் பெறவேண்டும் என்பது விதி; அந்த எண்ணைப் பெறக் கல்வித் தகுதிச் சேமிப்புக் கணக்கு வேண்டும்; அந்தக் கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதாருடன் பிணைக்கப்பட்டது. ஆதார், இந்நாட்டில் 182 நாள் தங்கிய எவருக்கும் உரியதாகையால், முகாமில் உள்ளோர் பலரும் அதைப் பெற்றிருக்கிறார்கள். ஆகவே இந்தப் படிவரை ஏறிவிடலாம். அதற்குப் பின் விண்ணப்பத்தில் தேசியம் என்ன என்னும் கட்டம் வருகிறது. இந்தியர் என்று குறித்தால் பொய்யுரைத்த குற்றம். வெளிநாட்டவர் என்று குறித்தால் கடவுச்சீட்டின் எண்ணைக் கேட்கிறது. எண் இல்லையென்றால் மேலே செல்ல விடுவதில்லை. சில பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கென்று வேறு கட்டண அட்டவணையும் உண்டு. நேரில் சென்ற காலத்தில் எதிரே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவரிடம் அகதி அடையாள அட்டையைக் காட்டி, நிலைமையைச் சொல்லி, அவர் உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டு, ஓரத்தில் கையால் ஒரு குறிப்பெழுதிச் சேர்த்துக்கொள்வதற்கு இடமிருந்தது. இயந்திரத்தின் கட்டத்துக்கு ஓரமே இல்லை.

இணையவழிக் கல்வி அகதிக்குத் தூரத்தை வென்று கொடுத்துவிட்டது. ஆனால் அவனை மறித்து நின்றது பெரும்பாலும் தூரமாக இருந்ததில்லை. இந்த ஒன்றை மறந்துவிட்டு, கைப்பேசி வந்துவிட்டது, பாடம் இலவசம், இனி அவரவர் முயற்சியே என்று சொல்லுதல், அறியாமையாயின் மன்னிக்கலாம். ஆட்சியாளர் சொல்லும்போது அது தட்டிக்கழித்தலாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் படிப்புகளுக்காக யாழ்ப்பாணத்துத் தாய்தந்தையர் தவம் கிடந்தார்களோ, எவற்றில் இடம் மறுக்கப்பட்டதால் ஒரு தலைமுறை கொந்தளித்ததோ, அந்த மருத்துவமும் பொறியியலும் சட்டமும் விவசாயமும் செவிலியமும் மருந்தியலும் இணையவழியில் நடத்தக் கூடாதவை என்று நம் மானியக் குழு விலக்கியிருக்கிறது. 2025இல் உளவியல், ஊட்டச்சத்து போன்ற உடல்நலம் சார்ந்த படிப்புகளும் அந்த விலக்கில் சேர்ந்தன. பிணத்தை அறுத்துப் பாராமல் மருத்துவம் கற்க இயலாதாகையால் இதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இதன் விளைவு என்ன? முகாமுக்குள் நுழைகிற சர்வகலாசாலை வணிகவியலையும் கணினியையும் மொழிப் பாடங்களையும் கொண்டுவருகிறது. வைத்தியனையும் எஞ்சினீயரையும் உண்டாக்குவதில்லை. அதற்கு வளாகக் கதவே திறக்க வேண்டும். 2021 அறிவிப்பில் பொறியியலுக்குத் தேர்வுபெறும் முகாம் மாணவரில் முதல் 50 பேரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று வந்தது நல்ல தொடக்கம்.

உலகில் பிற இடங்களில் நடந்த பரீட்சைகளையும் சிறிது பார்க்கலாம். மலாவி நாட்டின் ஸலேக்கா முகாமில் 2010 முதல் இயேசு சபையார் அமெரிக்கப் பேராசிரியர்களைக் கொண்டு இணையவழி டிப்ளமோ நடத்தினர். பெர்லினில் 2015இல் தோன்றிய கிரோன் என்னும் ஸ்தாபனம், சிரியாவிலிருந்து வந்தோர் இரண்டாண்டு இணையத்தில் படித்துவிட்டுப் பின்னர் ஜெர்மன் சர்வகலாசாலைகளில் சேரலாம் என்ற பெருந்திட்டத்தோடு கிளம்பிற்று. பாடத்தில் பதிந்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தும், வளாகம் போய்ச் சேர்ந்தோர் எதிர்பார்த்த தொகைக்கு எட்டவில்லை. தனியே திரையை நோக்கி உட்கார்ந்த மாணவன் மூன்றாம் மாதத்தில் கரைந்துபோனான். இதற்கு மாறாகக் கென்யாவின் தாதாப் முகாம்களில், கனடாவின் யார்க் சர்வகலாசாலையும் கென்யச் சர்வகலாசாலைகளும் 2013 முதல் சேர்ந்து நடத்திய திட்டம் முகாமை ஒட்டியே ஒரு கல்வி நிலையத்தைக் கட்டி, கணினிகளை வைத்து, ஆசிரியரைச் சில வாரம் நேரில் அனுப்பி, மீதியை இணையத்தில் நடத்திற்று. அங்கே படித்தவர்கள் முகாம் பள்ளிகளுக்கே ஆசிரியராயினர். என் அபிப்பிராயத்தில் நாம் பின்பற்றத் தக்கது தாதாப் வழியே. உலகில் அகதி இளைஞரில் உயர்கல்வி பெறுவோர் நூற்றுக்கு ஒருவராக இருந்த நிலை மாறி, ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் 2024இல் தந்த கணக்குப்படி நூற்றுக்கு ஏழு பேர் ஆகியிருக்கிறார்கள். 2030க்குள் பதினைந்தாக்குவது அவர்கள் குறிக்கோள். தமிழகத்து முகாம்களுக்கு இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டும் தகுதி உண்டு. ஏனெனில் இங்கே பள்ளிக் கல்வி ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டியிருக்கிறது, பாடமும் தாய்மொழியில் கிட்டியிருக்கிறது. சூடானிலிருந்து சாட் நாட்டுக்கு ஓடியவனுக்கு இவ்விரண்டும் இல்லை.

பட்டம் பெற்றபின் வரும் கேள்வியை விட்டுவிட முடியாது. அரசுப் பணி பிரஜைக்கே. தனியார் கம்பெனிகள் பரீட்சையில் தேறியவனை அழைத்து, காகிதங்களைப் பார்த்ததும் தயங்குகின்றன. வெளிநாடு போகவோ கடவுச்சீட்டு இல்லை. இலங்கைக்கே திரும்பலாமென்றால், அங்குள்ள மானியக் குழு இந்தப் பட்டத்தை ஏற்குமா என்பதைச் சேருமுன்பே விசாரித்துக்கொள்ளாதவர் பின்னர் வருந்த நேரும். வெளிநாட்டு இணையச் சர்வகலாசாலைகள் சில போதனைக் கட்டணமின்றிப் பட்டம் தருகின்றன. 2009இல் தொடங்கிய ‘மக்கள் பல்கலைக்கழகம்’ அமெரிக்க அங்கீகாரமும் பெற்றது. எனினும் இந்தியாவில் அத்தகைய பட்டத்துக்குச் சமநிலைச் சான்று பெறுதல் தனி வழக்கு. வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளோடு கூட்டுச் சேர்ந்து சில வணிகக் கம்பெனிகள் விளம்பரப்படுத்தும் இணையப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லையென்று மானியக் குழு 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. முகாம் இளைஞருக்கு இந்த எச்சரிக்கை மற்றவரைவிட அவசியம். தந்தை பெயிண்ட் அடித்துச் சேர்த்த பணம் அவ்விடத்தில் கரைந்தால் மறுபடி சேராது.

இவை அனைத்துக்கும் மூலம் குடியுரிமை. 1987 ஜூலை 1 முதல் இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராயிருந்தாலன்றிப் பிறப்பால் பிரஜையாகாது. 2004 டிசம்பருக்குப் பின் அந்த விதி இன்னும் இறுகிற்று. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், தாம் அந்த நாளுக்கு முன்னே பிறந்ததை நிரூபித்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். இரண்டாண்டு பிந்திப் பிறந்திருந்தால் அதே முகாமில் அதே தாய்க்குப் பிறந்தும் அந்நியராகவே நின்றிருப்பார். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதுமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கிற்று. தண்டிக்கமாட்டோம் என்பது வரை வந்தாயிற்று. ஏற்கிறோம் என்பது இன்னும் வரவில்லை.

அந்தப் பெரிய நியாயம் டில்லியில் தீரும்வரை காத்திருக்க வேண்டாத சிறிய காரியங்கள் சில சென்னையிலும் திருவண்ணாமலையிலுமே ஆகக்கூடியவை. அகதி அடையாள அட்டையைச் சேர்க்கைக்குப் போதுமான ஆவணமாக ஏற்றல். முகாமில் வாழ்வோர்க்கு உள்நாட்டு மாணவர் கட்டணமே என்று ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம். முகாம் மாணவருக்கான கல்வி உதவித்தொகை இணையவழிப் பட்டத்துக்கும் பொருந்தும் என்று ஐயத்துக்கிடமின்றி ஓர் அரசாணை. கணக்கெடுப்பு நாளும் பல்கலைக்கழகத் தேர்வு நாளும் ஒன்றாக வந்தால் தேர்வுச் சீட்டையே அனுமதிச் சீட்டாகக் கொள்ளுதல். மாவட்ட நூலகத்தில் மாலைநேரம் நான்கு கணினிகளும் ஒரு வழிகாட்டியும். இவற்றில் எதற்கும் கோடிகள் வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்யும் அன்பர்கள், அந்தச் செலவோடு ஒரு முகாம் மாணவரின் தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டால் அதுவும் தானமே. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் யாருக்குத் தேவை என்று சொல்வார்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களுக்கு ஒரு விண்ணப்பம்: இணையவழிப் பட்டப்படிப்புகளுக்கு ஆண்டில் இருமுறை சேர்க்கை நடக்கிறது, அடுத்த சேர்க்கைக்கு முன், தேசியத்தைக் கேட்கும் அந்தக் கட்டத்தில் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.